தரை செய்கிறவள்

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கின்றன. மீதியை அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது. விபத்து என்றார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று மெஷினின் தடுப்புக் கம்பியைக் கழற்றிப் போட்டது யார் என்று கேட்டேன். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எல்லா மெஷினுக்கும் தடுப்பை மாட்டினார்கள், என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு முத்தாபுதுப்பேட்டையில். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே கிளம்பினாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார். பார்க்கிறவர்கள் தலைக்கு ஒன்று கேட்பார்களாம். கேட்கட்டும், சொல்கிறேன் என்பேன். அப்புறம் வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் விடுவிடென்று நடப்பார்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த பெண், மெத்தென்று ஒரு உருண்டையைக் கொடுத்து தினமும் பிசையச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. சப்பாத்தி மாவைப் பிசைந்தால் சப்பாத்தியாவது வரும். இதைப் பிசைந்தால் மறுபடி அதே உருண்டை.

அப்போதுதான் என் தம்பி அவனுடைய பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐ.டி. கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் நண்பர்களோடு மேஜை விளையாட்டு. கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்கள். பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்துவார்கள். ஒவ்வொரு வீரனும் ஒரு பிளாஸ்டிக் வில்லையின் மேல் நிற்க வேண்டும். வெறும் வில்லையாக இருந்தால் அழகில்லை என்று அதன்மேல் தரை செய்வார்கள். குழாய் ஒழுகினால் அடைப்போமே, இரண்டு நிறத்தில் வரும் பேஸ்ட், அதைக் கலந்து பிசைந்து வில்லையில் அப்பி, அது இறுகுவதற்குள் ரப்பர் அச்சை வைத்து அழுத்த வேண்டும்.

அவன் அழுத்தினான். பேஸ்ட் அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி வந்தது. அச்சில் துளி எண்ணெய் தடவக் கூடாதா என்று அதை வாங்கி நானே தடவி, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ஒரே சீராக அழுத்தி எடுத்தேன். வில்லையில் குட்டிக் குட்டியாகக் கற்கள் பாவிய ஒரு தெரு. எத்தனையோ நாளுக்கு அப்புறம் என் கையிலிருந்து ஒரு பொருள் வந்திருந்தது. மீதி வில்லைகளை நான் அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் அவன் வாங்கி வைத்திருந்த அச்சுகளெல்லாம் வெளிநாட்டுத் தெருக்கள், இடிந்த கோட்டைகள். எனக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. இந்த வீரர்கள் எப்போதும் அங்கேயே போய் ஏன் சண்டை போட வேண்டும்? அச்சையும் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வீட்டு பாய் பூந்தமல்லியிலிருந்து குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் சாமான் ஏற்றி வருபவர். அந்த வண்டியில் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பில் பொடிப்பொடியாக டைமண்டு கட்டங்கள். ஒரு வீரனை அதில் நிறுத்திப் பார்த்தேன். ஃபேக்டரியில் நான் நின்ற இரும்புத் தகட்டுத் தரை அப்படியே தெரிந்தது. எண்ணெய் தடவி பேஸ்ட்டை அப்பிக்கொண்டிருக்கும்போது பாய் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, என் வண்டில ஓட்டை கீதா? அடைச்சுகினு கீற?"

"அச்சு எடுக்கறேன் பாய். இறுகிச்சுன்னா எடுத்துடுவேன்."

எதற்கு அச்சு, எந்த பொம்மைக்கு என்று நின்று விவரமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு நடந்தே போய்க்கொள்வதாகச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து, இறுகியிருந்த பேஸ்ட்டை அவரே நெம்பி எடுத்தார். கட்டங்கள் ஒன்று விடாமல் பதிந்திருந்தன.

அந்த அச்சில் ஒரு படைக்கே தரை செய்தேன். வெள்ளிப் பூச்சு, விளிம்பில் துரு, அங்கங்கே எண்ணெய்க் கறை. தம்பியின் கூட்டம் அம்பத்தூரில் ஒரு ஹாலில் கூடியபோது அதற்கென்று தனி மேஜை போட்டார்கள். ஏற்பாடு செய்த பையன் மரியாதையானவன். அக்கா அக்கா என்று ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தான். பிறகு மைக்கைப் பிடித்து, விரல்களை இழந்தும் மனம் தளராதவர் என்று தொடங்கி, பார்க்கிறவர்கள் கண் கலங்கும்படி பேசினான். ஒரு வில்லையை என் வலது கையில் கொடுத்து, கை நன்றாகத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடிக்கச் சொன்னான். போட்டோவுக்காம்.

நான் வில்லையை மேஜையில் வைத்தேன். மைக்கை அவனிடமிருந்து வாங்கினேன்.

"இந்தக் கைய ஊட்ல மறைச்சுக்கச் சொல்றாங்க, நான் மறைக்கல. நீங்க தூக்கிக் காட்டச் சொல்றீங்க, அதுவும் மாட்டேன். மேஜை மேல தரை கீது, அதப் பாருங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பையனின் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

பின்வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து வந்தார். குனிந்து நிதானமாகப் பார்த்தார். "கட்டம் ரொம்பத் தூக்கலா இருக்குங்க. இந்த ஆளு நடந்தா கணுக்கால் வரைக்கும் இடிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் குறைக்கலாமா, அச்சையே மாற்றிச் செய்வதா என்று இருவரும் நெடுநேரம் பேசினோம். விபத்துக்குப் பிறகு வெளியாள் ஒருவர் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் என் வேலையைப் பற்றி மட்டும் பேசியது அன்றுதான்.

ஏற்பாடு செய்த பையன் சில வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் தானாகவே வில்லைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அழுத்திக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

இப்போது வெள்ளானூர் ஏரிக்கரையில் காய்ந்து வெடித்த சேற்றை அச்செடுக்கப் பார்க்கிறேன். பேஸ்ட்டை வைத்து அழுத்தினால் மண் உதிர்ந்துவிடுகிறது. பவுடர் தூவிப் பார்த்தேன், பசை தடவிப் பார்த்தேன், நடக்கவில்லை. வெடித்த மண் அச்சு ரெடிமேடாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொள் என்கிறான் தம்பி. வேண்டாம் என்றிருக்கிறேன். இந்தக் கோடை முடிவதற்குள் எடுத்துவிடுவேன்.