மெட்ரோ கதவும் ரித்துவின் டாட்டாவும்

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சியில், மெட்ரோ ரயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் எனக்கு டாட்டா காட்டினாள். கதவு மூடிவிட்டது. ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ரித்துவைத் தெரியும். இரண்டரை வயது. ஒருமுறை என் செல்போனைச் சட்னியில் தோய்த்து, இந்தப் பத்தியையே லேட்டாக அனுப்ப வைத்தவள். மாட்டுப்பட்டி பக்கத்தில் இருக்கிறது எங்கள் எஸ்டேட். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை, மேகம், மறுபடியும் தேயிலை. ரயில் என்பது அவளுக்கு வீடியோவில் ஓடும் சமாச்சாரம். "சிக்கு புக்கு எப்பம்மா வரும்?" என்று தினமும் கேட்பாள். இந்த மலைக்கு ரயில் எங்கிருந்து வரும்? நாம்தான் போக வேண்டும்.

போனோம். சும்மா இல்லை — பிளான் போட்டுப் போனோம்.

சின்னப் பிள்ளைகளோடு சிட்டிக்குப் போவது என்றால் லேசுப்பட்ட காரியமா? எப்போது தூங்குவாள், அதற்குள் எந்த ஊரைத் தாண்ட வேண்டும்? நேரியமங்கலம் வளைவுகளில் வாந்தி எடுத்தால் எந்தக் கவர்? மாலில் முதலில் சாப்பாடா, பிளே ஏரியாவா? தயிர்சாதம் வேண்டாம் என்றால் பிஸ்கட், பிஸ்கட்டும் வேண்டாம் என்றால்... நான் மூட்டை கட்டுவதைப் பார்த்து என் கணவர் முருகன், "நாம கொச்சிக்குத்தான போறோம்? குடிபெயர்ந்தா போறோம்?" என்று கேட்டார்.

கூட வந்தவர்கள் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, அவர் கணவர் தங்கராஜ் அண்ணன், அவர்கள் மகன் ஜோஷ்வா. அவனுக்கு மூன்று வயது. ஜீப் அண்ணனுடையது. பெரியவர்கள் நாலு பேர், வாண்டுகள் இரண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் காவல்! 'மந்திரி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு இருக்காது' என்று பெருமையாகச் சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லயம் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வரிசை வீடுகள். அங்கே யாரும் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதில்லை. ஒரு வீட்டில் பல் விளக்கி, இன்னொரு வீட்டில் தோசை தின்று, வேறொரு வீட்டில் தூங்கிவிடுவாள் ரித்து. நான் எஸ்டேட் ஆபீஸுக்குக் கிளம்பும்போது யார் இடுப்பிலாவது இருந்து டாட்டா காட்டுவாள். பெரும்பாலும் அது எஸ்தர் அக்காவின் இடுப்பு. அக்கா வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். யாரிடமாவது இருப்பாள்தானே?

ஆலுவாவில் ஜீப்பை நிறுத்திவிட்டு மெட்ரோவில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில், ஏதோ துணிக்கடை யூனிஃபார்மில் ஒரு சேச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை, நெற்றியில் சந்தனம். "வா மோளே" என்றார். அவ்வளவுதான்... அவர் மடியில் ஏறி நின்று, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டுவிட்டாள்.

எங்களில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. மடி என்று ஒன்று இருந்தால் ரித்து ஏறத்தான் செய்வாள்.

மால் இருக்கிற ஸ்டேஷன் வந்தது. கூட்டம் நெருக்கியடித்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஜோஷ்வா "உச்சா" என்றான். எஸ்தர் அக்கா அவனை அள்ளிக்கொண்டு இறங்கினார். அண்ணன் பைகளோடு இறங்கினார். முருகன் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடியே இறங்கினார். நான் டயப்பர் பையை அணைத்துக்கொண்டு இறங்கினேன். ஆமாம், பையை!

முதுகுக்குப் பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"எக்கா, ரித்து எங்க?"

"ஒன் வீட்டுக்காரர்ட்டல்லா இருக்கா?"

"எங்கிட்ட எங்க இருக்கா? அண்ணன் கையிலல்லா இருந்தா!" என்றார் முருகன்.

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் பைகள்.

திரும்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சேச்சியின் மடியில் நின்றபடி ரித்து. அழவில்லை. பயப்படவில்லை. சிரித்துக்கொண்டு டாட்டா காட்டினாள். தினமும் காலையில் காட்டுகிற அதே டாட்டா. அம்மா வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்கிற நம்பிக்கையோடு.

கண்ணாடியை ஓங்கித் தட்டினேன். சேச்சி திடுக்கிட்டுத் திரும்புவது தெரிந்தது. அதற்குள் ரயில் வேகம் எடுத்துவிட்டது. முருகன் அதன் பின்னாலேயே ஓடினார். ரயிலைத் துரத்திப் பிடித்து என்ன செய்ய? செக்யூரிட்டிப் பெண் விசிலடித்து அவரை நிறுத்தினார்.

"பேடிக்கண்டா" என்றார் அவர். பயப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. வாக்கி டாக்கியில் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். "குட்டி ஆருடெ கையிலாயிருன்னு?"

பிள்ளை யார் கையில் இருந்தாள்? எவ்வளவு சாதாரணமான கேள்வி! நாலு பேரும் வாயைத் திறந்தோம். ஆளுக்கொரு ஆளைக் கை காட்டினோம்.

"எல்லார்ட்டயும்..." என்றேன் நான். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

அடுத்த ரயில் வருகிற வரை நின்றது இருக்கிறதே... அந்தச் சேச்சி யார்? முகம் நினைவில்லை. சந்தனம் நினைவிருக்கிறது, சாப்பாட்டுப் பை நினைவிருக்கிறது, முகம் வரவே மாட்டேன் என்கிறது. நல்லவராகத்தான் இருப்பார். இல்லாவிட்டால்? கூப்பிட்டவுடன் மடியில் ஏறுகிற பிள்ளை, கூப்பிட்டவுடன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகவும் செய்யும்தானே? 'எங்க ரித்து யார்ட்ட வேணாலும் போவா' என்று இதே பக்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். வாக்கி டாக்கி கரகரத்ததே தவிர, பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை.

ரயில் வந்தது. ஏறினோம். ஒரே ஒரு ஸ்டேஷன்தான். எஸ்தர் அக்காவின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன. முருகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது சந்தனம்தான்.

பெஞ்சில் சேச்சி. பக்கத்தில் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர். மடியில் ரித்து — சேச்சியின் பையிலிருந்த நேந்திரம்பழம் அவள் வாயில். "அம்மா, சிக்கு புக்கு போச்சு!" என்றாள் சந்தோஷமாக. நான் அவளைத் தூக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேச்சி எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்ர பேர் உண்டாயிட்டும்..." என்றார். இத்தனை பேர் இருந்துமா! நன்றாகத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு.

மாலுக்குப் போனோமா? போனோம். ரித்து பந்துக் குவியலில் புரண்டாள். நான் வலைக்கு வெளியே கண் சிமிட்டாமல் நின்றேன். அத்தனை பிளானோடு கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை.

திரும்பும்போதுதான் அது நடந்தது. ஜீப்பில் ரித்து வழக்கம்போல எஸ்தர் அக்காவிடம் தாவினாள். அக்காவும் கையை நீட்டினார்.

"இல்லக்கா... நானே வச்சுக்கிடுதேன்" என்றேன்.

அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். அடிமாலி தாண்டும்போது, "அடுத்த தடவ மாட்டுப்பட்டி மாட்டப் பாத்துட்டுத் திரும்பிருவோம்" என்று முருகன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான் செய்தது நியாயமா? தவறு அக்காவுடையது மட்டுமா? பெற்றவள் நான் டயப்பர் பையைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறேன்! நாலு பேர் பார்த்துக்கொள்கிற பிள்ளையை, நாலு பேரும் மற்ற மூன்று பேரை நம்பி விட்டுவிடுகிறோம். லயத்தில் இது செல்லும். அங்கே எந்த வீடும் கதவை மூடிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவதில்லை.

மறுநாள் காலை. ஆபீஸுக்குக் கிளம்பி, ரித்துவோடு வாசலுக்கு வந்தேன். வழக்கமாக எஸ்தர் அக்கா எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து அவளை அள்ளிக்கொண்டு போவார். அன்று தன் வீட்டு வாசலிலேயே நின்றார். கழுத்தில் தையல் டேப் தொங்கியது.

"தூக்கட்டுமாளா?" என்று கேட்டார்.

ரித்து பிறந்ததிலிருந்து அக்கா என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

"கேக்கல்லாம் வேண்டாம்க்கா. தூக்குனா, பிள்ள எங்கிட்ட இருக்கான்னு சத்தமாச் சொல்லிருங்க. அது போதும். நானும் சொல்லுதேன்."

அக்கா ரித்துவை வாங்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"பிள்ள எங்கிட்ட இருக்கா!"

கடைசி வீட்டிலிருந்து யாரோ "சரிக்கா!" என்றார்கள்.

தேயிலைக்குள் இறங்குகிற பாதையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ரித்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். நானும் காட்டினேன். வளைவு வரை போய் மறுபடியும் பார்த்தேன். அவள் இன்னும் கையை இறக்கவில்லை.

தினமும் இவ்வளவு நேரமா காட்டிக்கொண்டிருந்தாள்?