நீலப் பசை

சேலம் பழைய பேருந்து நிலையத்துக்கு வெளியே, நடைபாதைக் கடையில் கிடந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.

"ஏனுங்க, படிக்க வாங்கறீங்களா, மோந்து பாக்கவா?" என்றார் கடைக்காரர்.

அட்டையில் மரவள்ளி மாவுப் பசையின் வாசனை இருந்தது. என் சின்ன வயதில், அம்மாபேட்டையில் அப்பா வீட்டிலேயே புத்தக பைண்டிங் செய்தார். சாயங்காலம் அந்த மாவைக் காய்ச்சி வைப்பார். காலையில் சட்டியில் பசை குறைந்திருக்கும். எங்கள் வீட்டில் பசி புதிதில்லை என்பதால் சந்தேகம் என் மீதும் தம்பி மீதும்தான் விழுந்தது.

"நாக்கை நீட்டு சாமி," என்று பிடித்து வைத்துப் பார்ப்பார்.

"எலியா இருக்குமுங்க," என்றாள் அம்மா.

"எந்த எலி தின்னுட்டு மூடியத் திருப்பி மூடுது?"

பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தத்தை வழக்கமாகக் காலையில்தான் கலப்பார். ஒருநாள் சாயங்காலமே எங்கள் கண்ணெதிரில் கலந்தார். பசை நீலமானது.

"இது விஷம். எலிகிட்டச் சொல்லிருங்க."

அதன்பின் பசை குறையவில்லை. அந்த வாரமே குழாயடியில் அம்மா மயங்கி விழுந்தாள். எங்களுக்குப் போட்டது போக அவளுக்குச் சோறு மிஞ்சுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று துத்தம் போடுமுன் அப்பா ஒரு கிண்ணம் பசையைத் தனியே எடுத்து மூடி வைத்தார்.

"எலிக்கு," என்றார்.

காலையில் கிண்ணம் காலியாக இருந்தது. மூடி மூடியபடியே இருந்தது.