எலாடியோ முதல் பேஸுக்குப் போன விதங்கள்

எலாடியோ மெர்சேதைப் போல என் பிராணனை வாங்கிய ஆட்டக்காரன் வேறு யாரும் இல்லை. நான் துறைமுகத்து பேஸ்பால் அணிக்குப் பந்து பிடிப்பவன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தே முழங்காலைத் தேய்த்தவன். அவன் சான்டா ஃபெலீசா கரும்பாலை அணி. வாரநாளில் ஆலை ரயிலில் கரும்புப் பெட்டிகளுக்குப் பிரேக் போடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆலை மைதானத்தில் என் முன்னால் வந்து நிற்பான்.

இளவயதில் அவன் அடித்தால் பந்து வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் விழும். தேடப் போனவன் பந்தோடு வரமாட்டான், கரும்பைக் கடித்துக்கொண்டு வருவான். தலைநகரத்துப் பெரிய அணிகளிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக்கூடப் பேச்சு.

எங்களுக்கு எறிபவன் ஃபாபியோ. இடதுகைக்காரன் என்பதால் ஊரே அவனைச் சூர்தோ என்றுதான் கூப்பிடும். ஒரு ஞாயிறு அவன் உடம்போரமாகப் போட்ட பந்து கை நழுவி எலாடியோவின் இடது கண்ணில் அடித்தது. பந்து மேலே பட்டால் மட்டைக்காரனுக்கு முதல் பேஸ், அதாவது ஓட்டத்தின் முதல் நிலை, ஓடாமலே சொந்தம். எலாடியோ தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வழிய, நடந்தே போய் முதல் பேஸை மிதித்த பிறகுதான் விழுந்தான்.

கண் போய்விட்டது. வலதுகையால் மட்டை பிடிக்கிறவனுக்கு எறிபவன் பக்கம் இருப்பது இடது கண். அது போனால் ஆட்டம் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த அறுவடை தொடங்கியபோது அவன் மறுபடி என் முன்னால் நின்றான். வலது கண்ணால் எறிபவனைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. தானியத்தைச் சாய்ந்து பார்க்கிற சேவல் மாதிரி இருக்கும்.

"வந்துட்டான்டா ஒத்தக்கண் சேவல்! கொக்கரக்கோ!" என்று எங்கள் ஆட்கள் கத்துவார்கள்.

"கூவிக்கிட்டே இருங்கடா. நான் அங்க போய் நிக்கிறேன்" என்று முதல் பேஸைக் காட்டுவான்.

போய் நிற்கவும் செய்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடிக்க முடியாது என்று தெரிந்ததும், முதல் பேஸுக்கு இருக்கிற மற்ற வழிகளையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டான். மட்டையைச் சும்மா பந்துக்குக் குறுக்கே காட்டுவான். பந்து செத்துப்போய் இரண்டடி உருளும், நாங்கள் முட்டிமோதி எடுப்பதற்குள் அவன் போயிருப்பான். எட்டாத பந்தைத் தொடவே மாட்டான். நான்கு அப்படிப் போனால் சும்மாவே நடந்து போகலாம் அல்லவா? தடியன் ஒருவனின் தொளதொளச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவான். பந்து சட்டையில் உரசினாலும் பட்டது பட்டதுதான். ஒருமுறை வேண்டுமென்றே தாமதமாக வீசி, மட்டையால் என் கையுறையைத் தட்டினான். பிடிப்பவன் இடையூறு செய்தான் என்று அம்பயர் அவனை முதல் பேஸுக்கு அனுப்பினார். இடையூறு செய்தது நானாம்! அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

இன்னொரு வழிக்கு அவன் பெண்டாட்டி ஓத்திலியா வேண்டும். மூன்றாவது நல்ல பந்தைத் தவறவிட்டால் மட்டைக்காரன் அவுட். ஆனால் பிடிப்பவன் அந்தப் பந்தைக் கோட்டைவிட்டால், அது முதல் பேஸுக்கு வந்து சேருவதற்குள் ஓடிப் போய்த் தப்பிக்கலாம். கழுத்தை எறிபவன் பக்கம் முழுக்கத் திருப்பி நிற்பவனுக்கு, தாண்டிப் போன பந்து பின்னால் என்ன ஆனதென்று தெரியாது. அதனால் ஓத்திலியா என் முதுகுக்குப் பின்னால், பந்தைத் தடுக்கும் வலையை ஒட்டி நாற்காலி போட்டு உட்காருவாள். பந்து என் கையிலிருந்து நழுவ வேண்டியதுதான், "ஓடுய்யா! ஓடு!" என்று ஆலைச் சங்கு மாதிரி அலறுவாள். அவனும் பாய்வான். அந்தக் குரலைக் கேட்டு நான் தூக்கத்தில்கூடத் திடுக்கிட்டிருக்கிறேன்.

சூர்தோவிடம் மட்டும் இந்தத் தந்திரம் எதற்கும் வேலை இல்லை. கண் போனதிலிருந்து அவன் எலாடியோவுக்கு வெளியேதான் போடுவான். நான்கு பந்தும் எட்டாத தூரம். எலாடியோ நடந்து முதல் பேஸுக்குப் போவான், முகம் கறுத்துப்போயிருக்கும். ஒருநாள் ஆட்டம் முடிந்து ரம் குடிக்க உட்கார்ந்த இடத்தில் கேட்டேவிட்டான்.

"ஏன்டா, எனக்கு மட்டும் என்ன பிச்சையா போடுற?"

"இல்ல மச்சான். அந்தக் கண்ணப் பாத்தா கை தானா வெளிய போவுது" என்றான் சூர்தோ.

"கண்ண எதுக்குப் பாக்குற? மட்டையப் பாரு. எல்லாருக்கும் போடுற மாதிரி எனக்கும் ஒரே ஒரு தடவ போடு. அவுட்டானா ஆயிட்டுப் போறேன்."

"சரி" என்று சூர்தோ தலையாட்டினான். அடுத்த ஞாயிறும் வெளியேதான் போட்டான். இப்படியே வருஷங்கள் போயின. எலாடியோ கேட்பதை நிறுத்தவில்லை. சூர்தோவால் போடவும் முடியவில்லை. வாழ்க்கையில் எலாடியோ வேறு எதையும் யாரிடமும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அது என்னையும் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன புனித வாரத்துக்கு முன்பு, காப்பிக் கோப்பையைக் கீழே வைத்த எலாடியோ அப்படியே சாய்ந்துவிட்டான். நாங்களெல்லாம் அதற்குள் நரைத்துக் கிழடாகிவிட்டோம்.

எங்கள் பக்கம் ஆட்டக்காரன் செத்தால் கல்லறைக்கு நேராகக் கொண்டுபோவதில்லை. சவப்பெட்டியை மைதானத்துக்குத் தூக்கிவருவோம், எதிரணிக்காரன் மரியாதைக்கு ஒரு பந்தை மெதுவாகப் போடுவான். பிறகு பெட்டியை எல்லா பேஸையும் சுற்றிக் கொண்டுவந்து எடுத்துப்போவோம். ஆலைக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் வைத்து, மட்டைக்காரன் நிற்கிற இடத்தில் நின்றார்கள். நான் பழைய இடத்தில் எப்படியோ குந்தினேன். பின்னால் ஓத்திலியா, அதே நாற்காலியில், கறுப்பு உடையில்.

சூர்தோ எறிபவன் நிற்கும் மேட்டில் ஏறி, வழக்கப்படி மெதுவாக, வெளியே ஒரு பந்து போட்டான். பெட்டி நகரத் தொடங்கியது.

"நில்லுங்கய்யா!" என்றாள் ஓத்திலியா. "சூர்தோ, இன்னைக்குமா வெளிய போடுற? அந்த மனுஷன் கேட்டது ஒன்னே ஒன்னு. அதப் போட்டுட்டு அனுப்பு."

"பெட்டி மேல பட்ருமே தாயி."

"பட்டா என்ன, நடந்து போவாரு. போடு."

சூர்தோ தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். பிறகு காலைத் தூக்கினான். அந்த வயதில் அந்தத் தோளில் அவ்வளவு மிச்சம் இருந்தது என்று நான் நம்பவே இல்லை. பெட்டியை உரசாத குறையாக, உள்பக்கம், பந்து சீறிக்கொண்டு வந்து கையுறையில் அறைந்தது. அம்பயர் கையைத் தூக்கினார், நல்ல பந்து ஒன்று. அதே இடத்தில் இரண்டாவது. பெட்டி தூக்கியவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஆனால் விலகவில்லை.

மூன்றாவது என் கையுறை விளிம்பில் இடித்துப் பின்னால் ஓடியது. நான் வேண்டுமென்றே விட்டேன் என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். என் தாய் மேல் ஆணை, இல்லை. பந்து அவ்வளவு வேகம்.

அம்பயர் மூன்றாவதற்கும் கை தூக்கினார். எல்லோரும் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்தார்கள். முடிந்தது என்று நினைத்தார்கள்.

"ஓடுய்யா!" என்று அலறினாள் ஓத்திலியா. "ஓடு எலாடியோ, ஓடு!"

ஆறு கிழவர்களும் ஓடினார்கள். பெட்டி குலுங்கியது, பூவெல்லாம் வழியில் கொட்டியது. நான் வலையோரம் தவழ்ந்து பந்தை எடுத்தேன். முதல் பேஸில் எங்கள் ஆள் கையை நீட்டிக் காத்திருந்தான். எறியாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் அதுவும் பிச்சைதான். பலம்கொண்ட மட்டும் எறிந்தேன்.

முன்னால் ஓடியவனின் கால் பேஸை மிதித்த பிறகுதான் பந்து போய்ச் சேர்ந்தது. அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார், அவுட் இல்லை. சூர்தோ மேட்டிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

பெட்டியை இரண்டாவது பேஸுக்குத் திருப்பப் பார்த்தார்கள். ஓத்திலியா நடந்து வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"போதும். இங்கருந்தே தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

முதல் பேஸிலிருந்து நேராகக் கல்லறைக்குப் போனோம்.