ஒரு விரல் அதிகம்

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப் போனது. அதனால் உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் என் வேலை. கள்ளக்குறிச்சியில் இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கரியாலூரில் மலை ஊர்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள், வாரம் மூன்று நாள். பஸ்ஸில் என்னை இரண்டு பேர் தூக்கி ஏற்ற வேண்டும் என்று தெரிந்ததும், “நீங்க எப்படிம்மா வருவீங்க?” என்றார்கள். சுருக்கென்று கோபம் வந்தது. “என் வண்டியில வருவேன்” என்று சொல்லிவிட்டேன். அப்போது வண்டியே கிடையாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஒரு மாதம் கெடு. அடுத்த மாத முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே இல்லையென்றால் வேறு ஆள்.

டிராக்டர் ஓட்டுகிற என் தம்பி ஒரு பழைய ஸ்கூட்டரும், இரண்டு பக்கமும் மாட்டுகிற துணைச் சக்கரங்களும் கொண்டுவந்தான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளை வண்டியோடு இறுக்க நான்கு போல்ட்டு. கடையில் கிடைத்ததோ அரை அடி நீளம், முழுக்க மரை, அதாவது நட்டு திருகி ஏறுகிற வரி, ஓடியது. அறுத்துத்தான் போட வேண்டும். “குடு, நான் அறுக்கறேன்” என்றேன்.

முதல் போல்ட்டை அறுத்ததும் நட்டு ஏறவில்லை. வெட்டிய முனையில் மரை நசுங்கிவிட்டது. தம்பி சிரித்தான். “இன்னாக்கா நீ, நட்ட மொதல்ல ஏத்திக்கினு அப்புறமா அறுக்கணும்.” அப்படியே செய்தேன். அறுத்து முடித்து நட்டைத் திருகிக் கழற்றும்போது, அது வெளியே வருகிற வழியில் நசுங்கிய மரையைத் தானே நேராக்கிக்கொண்டு வந்தது. வாயைப் பிளந்துவிட்டேன். விரல் தடிமனில் ஒரு கம்பி, அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே ஒரு பள்ளம். என்னையும் வண்டியையும் மலைமேல் தாங்கப் போவது அதுதான்! அன்று சாயங்காலம் வரை நட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன்.

“நட்டுக்கு வெளிய ரெண்டு மரை நின்னா போதும், ஜாஸ்தி வுடாத” என்று சொல்லிவிட்டுத் தம்பி அறுவடைக்குப் போனான். நான் ஒரு விரல் நீளம் விட்டேன். தையல்காரி புத்தி. எந்த ஜாக்கெட்டிலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பேன். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். வெட்டியதை ஒட்டவா முடியும்?

பத்து நாள் ஊருக்குள் சமதரையிலேயே ஓட்டிப் பழகினேன், ஒரு சத்தமும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். பின்னாலேயே பைக்கில் வருகிறேன் என்ற தம்பியைத் திட்டி நிறுத்தினேன். கோமுகி அணை தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்தது. இத்தனை வருடம் பஸ்ஸில் யாரோ ஒருவர் தோளுக்கும் மூட்டைக்கும் நடுவே துண்டு துண்டாகப் பார்த்த பள்ளத்தாக்கு, அன்றைக்கு முழுசாகக் கிடந்தது. கீழே எங்கள் கரும்பு வயல்கள் எல்லாம் ஒரு ரவிக்கைத் துணி அகலம்தான் இருந்தன. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் இடது பக்கம் கரகரவென்று சத்தம், ரப்பர் தீய்கிற வாடை. வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். பாரம் சாய்ந்ததும் சக்கரம் ஸ்பிரிங்கில் மேலே ஏறி, நான் மிச்சம் விட்ட முனைகளில் உரசியிருக்கிறது. டயரில் இரண்டு கோடு. அப்படியே போயிருந்தால் அடுத்த வளைவுகளில் டயர் வெடித்து நான் பள்ளத்தில் கிடந்திருப்பேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊரே சொல்லும். போல்ட்டுக்கும் அது உண்டு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரோட்டிலேயே உட்கார்ந்தேன். போல்ட்டு அறுத்த ரம்பம் வண்டிப் பெட்டியிலேயே கிடந்தது, ஆனால் அதன் சட்டம் சக்கர இடுக்கில் நுழையவில்லை. பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்து அறுத்தேன். மரவள்ளி மூட்டையோடு பைக்கில் வந்த ஒருவர் நின்றார்.

“குடுங்கக்கா, நான் அறுத்துத் தரேன்.”

“வேணாங்க. வண்டி நகராம புடிச்சிக்குங்க, அது போதும்.”

மனுஷர் இறங்கி வந்து பிடித்துக்கொண்டார். முதல் துண்டு விழுந்ததும் எடுத்தேன், கையைச் சுட்டது. துணி வெட்டுகிற இந்தக் கையா இரும்பை அறுத்தது என்று எனக்கே மலைப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து நான்கையும் அறுக்க ஒரு மணி நேரம் ஆனது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மீதி வளைவுகளில் சக்கரம் முனகக்கூட இல்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தையல் கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் பார்த்தாள்.

“கூட யாருங்க வந்தது?”

பிறந்ததிலிருந்து நான் போன இடத்துக்கெல்லாம் யாராவது கூட வந்திருக்கிறார்கள்.

“யாரும் இல்ல” என்றேன். சொல்லிவிட்டு, எனக்கே நம்பிக்கை வராமல், திரும்பி ரோட்டைப் பார்த்தேன்.