நேர்கோட்டில் பதினேழு மணித்தியாலம்

எனக்குப் புத்தி குறைவு என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேன்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில் வருசக்கணக்காக வேலை செய்தவன் நான். ஆனாலும் மொன்றியலிலிருந்து கொழும்புக்கு நேரே போகிற பிளேன் கிடையாது என்பது, அம்மா செத்த அன்று எனக்கு உறைக்கவில்லை.

நேற்று லாசால் பக்கத்துக் கடையொன்றில் சோற்றுப் பெட்டி வாங்கி மூடியைத் திறந்தேன். சூடான அலுமினியத் தாளின் மணம் முகத்தில் அடித்தது. அந்த வேலையிடத்தின் மணமேதான். அப்போதெல்லாம் ஞாயிறு வேலை முடிந்து வரும்போது டெப்பனர் என்கிற மூலைக்கடையில் டெலிபோன் காட் ஒன்று வாங்கி ஊருக்கு அம்மாவோடு கதைப்பேன். அம்மாவுக்கு நான் ஏற்றிய சாப்பாடு என்னவென்று தெரியவேண்டும். கோழி, பாஸ்தா என்பேன். ஆர் தின்னுறது என்பா. ஒருநாள், "அந்தத் தட்டுகளோடை உன்னையும் ஏத்தி விடச் சொல்லன்" என்றா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவவும் சிரித்தாவா என்று இப்போது யோசிக்கிறேன், நினைவில்லை.

அடுத்த சமர் லீவுக்கு வாறன் என்பேன். பிறகு வீடு வாங்கினோம், வேலை மாறினேன், சமர்கள் போயின. கடைசியாகப் போனபோது மகளுக்குப் பால்பல் விழுகிற வயது. இப்போது அவள் என்னிலும் உயரம், அப்பம்மாவோடு போனில் பேசவும் அவளுக்குப் பிரெஞ்சுதான் வாயில் வந்தது.

போன மாசியில் தங்கச்சி ஊரிலிருந்து போன் எடுத்தாள், அம்மா போய்விட்டா. அழுகைக்கிடையில், "அண்ணை, எப்ப வந்து சேருவியள்? ஐயர் நேரம் கேக்கிறார்" என்றாள். மூத்த மகன் நான்தானே கொள்ளி வைக்கவேண்டும். போனில் மொன்றியல், கொழும்பு என்று இரண்டு ஊரையும் அடித்தேன். தூரமும், பக்கத்தில் பதினேழு மணித்தியாலம் என்றும் வந்தது. கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து ஊருக்கு வேனில் போகிற நேரத்தையும் கூட்டி, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, நாளையிண்டைக்குப் பின்னேரம் நிப்பன் என்றேன்.

டிக்கெற் தேடியபோதுதான் தெரிந்தது, அந்தப் பதினேழு வெறும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட கணக்கு. மனிசர் போகிற பிளேன் இரண்டு இடத்தில் இறக்கி, ஒரு இரவு முழுக்கக் கதிரையில் இருத்தித்தான் கொண்டுபோகும். அதற்குள் மரண அறிவித்தல் நான் சொன்ன நேரத்தைப் போட்டு உலகமெல்லாம் போய்விட்டது. தள்ளிவைக்க அதற்கு அடுத்த நாளும் நல்ல நாளில்லையாம். இருட்டுகிறவரை எனக்காகப் பார்த்துவிட்டு, தங்கச்சியின் மகன் கொள்ளி வைத்தான்.

நான் போய் இறங்கியபோது பந்தல்காரர் கதிரைகளை அடுக்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கட்டிலைக் கழுவி வெயிலில் சாய்த்திருந்தது. முற்றத்தில் நின்று தங்கச்சியிடம் போனை நீட்டி, பார், இதிலை பதினேழு எண்டுதான் கிடக்கு என்று விளங்கப்படுத்தினேன்.

அவள் பார்க்கவில்லை. "பத்து வருசம் பிந்தி வந்துபோட்டு, என்னத்துக்கு அண்ணை மணித்தியாலம் காட்டுறியள்?" என்றாள்.