உறங்கிய கணினி

கிளிநொச்சியில் நான் வேலை செய்த சிறிய அலுவலகத்தில் கரண்ட் பில் கூடிவிட்டது. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக உறங்கும்படி லினக்ஸ் கணினிகள் எல்லாவற்றையும் அமைத்தேன். முதலாளி பாராட்டினார். பிறகு, எந்தக் கணினி அதிகம் உறங்குகிறது என்று கேட்டார். பதிவுகளை எடுத்துக் கொடுத்தேன்.

அதிகம் உறங்கியது, என்னோடு வேலை செய்த சுமதியின் கணினி. அவள் கர்ப்பிணி, வாந்தியெடுக்க அடிக்கடி எழுந்து போவாள். அது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

"நாளைக்கு வரவேண்டாம் பிள்ளை" என்று அவளை அனுப்பிவிட்டார். என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் சைக்கிளை எடுத்தபடி சுமதி கேட்டாள்: "அக்கா, நான் ஏன் எழும்பிப் போறனான் எண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"அவர் கேக்கேல்லை" என்றேன்.

அவர் கேட்கவில்லைதான். கேட்காமலே சொல்ல எனக்கு வாய் இருந்தது.