கட்டுரையில் இடம்பிடித்த ஆடு

தகவல் தொடர்பு ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பும் கருவியைச் சோதிக்க, குஜிலியம்பாறை பக்கம் விவசாயம் பார்க்கும் ஓர் அக்காவின் மோட்டார் ரூம் மேல் ஆன்டெனா வைத்திருந்தோம். அதைப் பற்றிய எங்கள் கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலிருந்த ஆன்டெனா படத்தைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். மோட்டார் ரூம் வாசலில் அவருடைய வெள்ளாடு நின்றது.

“ஏன் தம்பி, ஆட்டைப் போட்டிருக்கீங்க, என்னைய விட்டுட்டீங்களே?”

கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்த இடத்தில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டி வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசிங்க” என்றார்.

வாசித்தேன். உடனே வரப்பில் ஏறி நின்று, பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். அவர்கள் முன்னால் மூன்றாம் முறை வாசித்தபோது என் குரல் தானாகவே உயர்ந்தது.